யாருடைய இடப்பக்கம்

"எனக்கு இதயம் வலப்பக்கம் இருக்கு."

 ஆய்வகமே சிரித்த சிரிப்பில், ஜாடிக்குள் ஃபார்மலினில் கிடந்த பாம்புகள்கூட ஒருமுறை புரண்டு படுத்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு. உடலியல் செய்முறை வகுப்பு. ட்ரேயில் கசாப்புக் கடையிலிருந்து வந்த ஆட்டின் இதயம். கரும்பலகையில் குணவதி மேடம் வரைந்த மனித இதயம், பூசணிக்காய் அளவில். இரண்டுக்கும் நடுவே நின்றவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"யார்டி சொன்னா?" என்றாள் ஃபர்சானா.

"எங்கப்பா."

சிரிப்பு பாதியில் நின்றது. போன மாதம்தான் அவர் இறந்துபோயிருந்தார்.

பந்தல் கட்டுகிறவர். கதையும் கட்டுவார். ஒரு புயலில் அவர் போட்ட கல்யாணப் பந்தல், பந்தியில் உட்கார்ந்த சனத்தோடு அப்படியே பறந்துபோய் அடுத்த ஊரில் இறங்கியதாம். ஒரு இலையில்கூட ரசம் வழியவில்லையாம். அந்த ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூசி, மொய் எழுதிவிட்டுப் போனார்களாம்.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் வாயிலேர்ந்து ஒரு நெசம் வந்ததில்ல."

பாசமாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அம்மாவும்.

அன்றிலிருந்து மகள் அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சுச் சளி. அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இதயம் வலப்பக்கம் என்றாராம். கேட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியே வரிசையில் நின்றதாம். கலெக்டர் காரை நிறுத்தி இறங்கி வந்தாராம். சீட்டு எங்கே என்று அம்மா கேட்டதற்கு, ஆடு தின்றுவிட்டது என்றாராம்.

அவளே கையை வைத்துப் பார்த்திருக்கலாம்.

பார்க்கவில்லை.

பார்க்காதவரை, அவர் பொய் சொல்லவில்லை.

ஸ்டெதாஸ்கோப் ரோஸ்லின் கழுத்தில் இருந்தது. வகுப்பில் முதல் மாணவி. தன் பிறந்தநாளையே ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள்.

"உங்கப்பா நல்லவர்தான்டி," என்றாள் மெதுவாக. "ஆனா டாக்டர் ஏதாவது படம் காட்டியிருப்பார். படத்துல நமக்கு வலப்பக்கம் தெரியுறது உடம்புல இடப்பக்கம். முதல் வருஷம் முதல் பாடமே அதானே. அவருக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா?"

"எதுக்கு வாக்குவாதம்? கேட்டே பாத்துடுங்க," என்றார் மேடம்.

சும்மா சொன்னேன் மேடம் என்று சொன்னால் போதும். எல்லோரும் ஆட்டு இதயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.

ரோஸ்லின் எதிரே வந்து நின்றாள். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டாள். சில்லென்று தட்டு நெஞ்சில் பட்டது.

ஸ்டூலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குது. நல்லாவே கேக்குது." ரோஸ்லின் நிமிர்ந்தாள். "இடப்பக்கம். எல்லாருக்கும் இருக்கிற இடத்துலதான்."

யாரும் சிரிக்கவில்லை.

சிரித்திருக்கலாம்.

அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள். அவ்வளவுதான். சித்தப்பா சொன்னதுதான் சரி.

"ஏய் ரோஸ்லின்," என்றாள் ஃபர்சானா. "இடப்பக்கம்னா, யாரோட இடப்பக்கம்? உன்னுதா, அவளுதா?"

 

ரோஸ்லின் தன் தோளைப் பார்த்தாள். எதிரே இருந்த தோளைப் பார்த்தாள். எதிரெதிரே நின்றால் ஒருத்தியின் இடம் இன்னொருத்திக்கு வலம். மொத்த வகுப்புக்கும் அதை மண்டையில் ஏற்றியவள் அவள்தான்.

இரண்டு காதுகளும் சிவந்தன.

ஸ்டூலைச் சுற்றி வந்து, அவளுக்குப் பின்னால் நின்றாள். இப்போது இருவருக்கும் ஒரே இடம், ஒரே வலம். அவள் தோளில் மோவாய் படக் குனிந்து, கையை முன்னால் கொண்டுவந்து, முதலில் இடப்பக்கம் வைத்தாள்.

நெடுநேரம் வைத்திருந்தாள். காதருகே ரோஸ்லினின் மூச்சு மட்டும் வந்து வந்து போனது.

பிறகு தட்டை வலப்பக்கம் நகர்த்தினாள்.

மூச்சு நின்றது.

"என்னம்மா?" என்றார் மேடம்.

 தோளைப் பிடித்திருந்த ரோஸ்லினின் இன்னொரு கை இறுகியது.

"ரோஸ்லின்?"

"வலப்பக்கம் மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். பின்வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள்.

"அவங்கப்பா சொன்ன பக்கம்தான்."