பதினான்கு எம்.எம்.

ஐம்பது வேண்டாம் என்றாள்.

கபூர் பாய் விடுவதாயில்லை. பழைய கேமராக்கள் விற்கும் அந்தக் கடையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் பேசுவார்.

ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றே போதுமாம். கைக்குள் அடங்கும். முகம் அழகாக வரும். ஜூம் கிடையாதுதான். ஆள் முழுதாக விழவில்லையென்றால் இரண்டடி பின்னால் போகச் சொன்னால் ஆயிற்று.

அவள் அந்த லென்ஸை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

அவளிடம் ஒரு ஐம்பது இருக்கிறது. பீரோவில், துணிகளுக்கு அடியில். மூன்று வருடமாக அதைத் தொடவில்லை.

அன்று மலை உச்சியில் நல்ல பனிமூட்டம். அவள் கணவன் வளவன் படத்தில் முழங்கால் வரைதான் விழுந்தான். புதிதாக வாங்கிய ஷூவும் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தான்.

இன்னும் இரண்டடி போ என்று சொன்னாள்.

அவளே பின்னால் போயிருக்கலாம். அவளுக்குப் பின்னால் புல்தரைதான் இருந்தது. சோம்பல். வெறும் சோம்பல்.

அவனுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைப் பனி மூடியிருந்தது.

கண் கேமராவின் வ்யூஃபைண்டரில் இருந்தது. அதற்குள் அவன் இருந்தான். பிறகு பனி மட்டும் இருந்தது.

அதன்பிறகு எந்தத் துளையில் கண் வைத்தாலும் அவன் நிற்கிறான். வாசல் கதவின் துளையில்கூட. இன்னும் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி பார்க்கிறான்.

மகள் நிறைமதிக்கு ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒரு படம்கூட இல்லை.

அடுத்த வாரம் இருவரும் கட்ச் போகிறார்கள். உப்புவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அங்கே என்னை எடுப்பாயா என்று மகள் கேட்டாள். எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

யாரையும் நகரச் சொல்லத் தேவையில்லாத ஒரு லென்ஸ் வேண்டும்.

பாய் இன்னும் அகலமாகப் பிடிக்கும் முப்பத்தைந்தைக் கொடுத்தார். போதாது. இருபத்துநான்கு. அதுவும் போதாது. கடைசியில் ஒரு பதினான்கை எடுத்துத் துடைத்தார். இதில் ஊரே விழும், ஆள்தான் எறும்பாகத் தெரிவார் என்று எச்சரித்தார்.

பரவாயில்லை என்றாள்.

கடைக் கேமராவில் அதைப் பொருத்தி, கழுத்தில் மாட்டி, கண்ணில் வைத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் பாய். அலமாரிகள். மின்விசிறி. டீ கிளாஸ்.

அவன் இல்லை.

மூச்சு விட்டாள்.

பாய்க்கு என்ன தோன்றியதோ, முழுதாக விழட்டும் என்று மரியாதைக்கு ஓரடி பின்னால் வைத்தார்.

அவள் இடது கை பாய்ந்தது. மேசை மேல் எட்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கிளாஸ் உருண்டது. வலது கை விரல் தானாக அழுத்தியது.

அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

பாய் சட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கையை விலக்கவில்லை.

"நான் எங்கயும் போவலம்மா."

அவள் விடவில்லை.

கேமராவின் திரையில் படம் வந்து நின்றது. மூன்று வருடத்தில் முதல் படம். கோணலான அலமாரிகள். சின்னதாக, திடுக்கிட்டுப் போன பாய்.

படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, அவரை எட்டிப் பிடித்திருந்தது அவள் கை.