பதினேழாம் வரிசையில் ஒரு சிம்மாசனம்

மனித மடியைவிடப் பாதுகாப்பான ஆசனம் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இனியும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை.

இந்த உண்மையை விமானத்தின் பதினேழாம் வரிசையில் நின்றபடி உலகுக்கு அறிவித்தேன். உலகம் என்பது அப்போது என் அக்காவும், அவள் இடுப்பில் இருந்த ஒன்றேமுக்கால் வயது மகளும், எனக்குப் பின்னால் வழி கேட்டு நின்ற பதினோரு பயணிகளும்.

"உன் மடியில லேப்டாப்பே நிக்காது. நகருடா" என்றாள் அக்கா.

நகர்ந்தேன். காரில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கை என் தோளிலிருந்து இறங்கியது. அதை வீட்டிலிருந்து இதுவரை சுமந்ததில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தேன்.

போன பயணத்தில் இதே குழந்தை என் மடியில்தான் வந்தது. என் சட்டையில் பாலைக் கக்கியதைத் தவிர ஒரு விபத்தும் நடக்கவில்லை. அக்கா வழி முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இந்த முறை மட்டும் குழந்தைக்குத் தனி டிக்கெட், ஜன்னலோர இடம், சொந்த இருக்கை.

காரணம் கேட்டால் நேற்றைய சம்பவத்தைச் சொல்கிறாள். நேற்று அத்தான் காரைப் பின்னால் எடுக்கும்போது வீட்டு கேட்டில் மோதினார். கேட் கழன்று விழுந்தது. என் கையிலிருந்த டீ என் சட்டைக்கு மாறியது. குழந்தை மட்டும் இந்த இருக்கையில் அசையாமல் இருந்து கைதட்டியது. அத்தான் இறங்கிப் போய் கேட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"லேசாத்தான், கவலைப்படாதீங்க" என்றார்.

"அது கார், அக்கா. அதை ஓட்டுனது அத்தான். இது விமானம்" என்று பொறுமையாக விளக்கினேன்.

தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அத்தான் அங்கே இல்லை. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

அக்கா குழந்தையின் இருக்கையை ஜன்னலோரம் வைத்து, அதன் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, முழு எடையையும் போட்டு, விமானத்தின் பெல்ட்டை அதன் முதுகுக்குள் விட்டு இழுத்தாள். பிடித்து ஆட்டினாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். குழந்தையை உட்காரவைத்துப் பட்டைகளை மாட்டி, பட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்தாள்.

"ஒரு விரல்தான் போகணும். ரெண்டு போனா அவுத்துக் கட்டணும்."

மூன்று முறை சோதித்தாள். வீட்டைப் பூட்டியபின் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் விதிவிலக்கு.

விமானப் பணிப்பெண் வந்து குனிந்தார்.

"விமானத்துல வைக்கலாம்னு இதுல சிவப்பு எழுத்துல இருக்கணுமே மேடம்? அது இல்லன்னா சீட்டை லக்கேஜ்ல போட்டுட்டு, பாப்பாவை மடியிலதான் வச்சுக்கணும்."

அக்கா இருக்கையைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். "இருந்துச்சுங்க. வாங்கும்போது பார்த்துதான் வாங்கினேன்." குரல் லேசாக உடைந்தது.

அது எங்கே இருக்கிறது என்று அந்த விமானத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறவன் நான். நேற்று மாலை அந்த இருக்கையின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். 'மேன்மை தங்கிய மகாராணியின் சிம்மாசனம். பார்வை நேரம்: பாலுக்குப் பின்.' ஏதோ சிவப்பு எழுத்து என் எழுத்தின் அழகைக் கெடுத்ததால், அதன் மேலேயே ஒட்டினேன்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் கொள்கை வென்றுவிடும்.

அக்காவின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"அக்கா, திட்டாத" என்றபடி மண்டியிட்டேன்.

ஒட்டினால் உரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஸ்டிக்கர். நேர்மையான மனிதர். நகத்தால் சுரண்டினேன். அக்கா குழந்தையின் எண்ணெய்ப் புட்டியை நீட்டினாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். எண்ணெயில் ஊறி 'மகாராணி' போனாள், 'சிம்மாசனம்' போனது. 'பாலுக்குப் பின்' கடைசிவரை போராடியது. அடியிலிருந்து சிவப்பு எழுத்து எட்டிப் பார்த்தது.

பணிப்பெண் அதைப் படித்தார், தலையசைத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

நான் நடு சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் பேருக்கு மாட்டிக்கொண்டேன். அக்கா ஓரத்து சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"இப்பவும் சொல்றேன், மடிதான்..." என்று ஆரம்பித்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. விமானி பேசினார். உயரம், வானிலை, போய்ச் சேரும் நேரம். "வழியில கொஞ்சம் ஆட்டம் இருக்கும். லேசாத்தான், கவலைப்படாதீங்க."

குழந்தை கூரையைக் காட்டிக் கைதட்டியது. "ப்பா! ப்பா!"

அத்தானுக்கு என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். இன்று அந்த வேலை எந்த விமானத்தில் என்பதைத்தான் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"சொன்னா நீ ஏறியிருப்பியா?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

வானத்தில் கேட் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விமானம் மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.

குழந்தையின் பட்டைக்குள் விரலை விட்டேன். ஒன்றுதான் போனது. இருக்கையைப் பிடித்து ஆட்டினேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குழந்தை என்னையே கவனித்துக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டித் தன் குட்டி விரல்களை என் பெல்ட்டுக்குள் நுழைத்தது.

இரண்டு போயின.

அவிழ்த்துக் கட்டினேன்.