ஓஸ்லோவுக்கு எப்படிப் போவது?

பெர்கனிலிருந்து ஓஸ்லோவுக்கு மறுநாள் கிளம்ப வேண்டும். விமான டிக்கெட் போட உட்கார்ந்த சிந்த்ரேயை மனைவி ராக்ன்ஹில்ட் தடுத்தாள்.

“விமானம் வேணாம், சிந்த்ரே.”

“ஏன்? ஒரு மணி நேரம்கூட ஆகாதே!”

“அதான் வேணாம்.”

“சரி, ரயில்ல போவோம். சாயங்காலத்துக்குள்ள இறங்கிடலாம்.”

“பஸ்?”

“ரயிலைவிட லேட்டாகும்.”

“ஸ்டாவங்கர் வரைக்கும் படகுல போய், அங்கேருந்து ரயில் பிடிச்சா?”

அவனுக்குத் தலை சுற்றியது. படகு கொஞ்சம் ஆடினாலே வாந்தியெடுப்பவள் இவள்.

“நேரா போறதை விட்டுட்டு ஊரைச் சுத்தணுமா? உனக்கு என்னதான் ஆச்சு? விட்டா நடந்தே போவோம்பே போல!”

ராக்ன்ஹில்ட் தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயது தூவாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். கைக்குழந்தையாக அவர்களிடம் வளர வந்தவள் தூவா. பெற்றவளுக்கு இப்போது உடம்பு தேறிவிட்டது. ஓஸ்லோவில் அவளிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

“போய்ச் சேர்ற வரைக்குமாவது இவ நம்ம பொண்ணுதானே?” என்றாள்.

சிந்த்ரே விமான டிக்கெட் பக்கத்தை மூடினான்.

“படகுல ஜன்னலோரமா மூணு சீட்டு இருக்கான்னு பார்க்கறேன். இவளுக்குக் கடல்னா உசுரு.”