பின்சீட்டு மூலை

"அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு வியாழக்கிழமை ஸ்டாண்டுக்கு வா. உன் வண்டிக்குக் கோளாறே அவங்கதான்."

பஸ்தியாவ் இப்படிச் சொன்னதும் தேவப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தாபுரா ஊரே சொல்கிற பேச்சுதான். ஆனால் முப்பது வருஷமாகக் கார் வயரிங் பார்க்கிற மனுஷனுமா?

தேவப்பாவின் கார் அவனைவிட வயதில் பெரியது. ஹொசகொப்பாவுக்கும் சித்தாபுராவுக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக ஒரு விசித்திரம். ஹொசகொப்பாவிலிருந்து தினம் வேலைக்கு வருகிற நாகவேணி ஏறினால் வண்டி அரை பர்லாங்கில் நின்றுவிடும். சாவியை எத்தனை திருகினாலும் அசையாது. அவள் இறங்கி ஓரமாக நின்றால் ஒரு நிமிஷத்தில் கிளம்பிவிடும்!

பேட்டரி மாற்றியாயிற்று. பிளக் மாற்றியாயிற்று. இரண்டு மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள்.

நாகவேணி புருஷனை இழந்து இரண்டு வருஷம். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ராசி கெட்டவளை ஏத்தாதே. ஏத்தினா ஸ்டாண்டு வரிசையில உனக்கு இடமில்லை" என்றுவிட்டார் டாக்ஸி சங்கத் தலைவர் கணபய்யா.

மற்ற வண்டிக்காரர்களும் அவளை ஏற்றவில்லை. மழையிலும் பத்து கிலோமீட்டர் நடந்துதான் பாக்கு மண்டி வேலைக்கு வந்தாள். இன்னொரு நாள் தாமதமானால் வரவேண்டாம் என்று மண்டிக்காரர் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை சந்தை நாள். ஸ்டாண்டில் எள் விழ இடமில்லை. பஸ்தியாவ் தன் ஷெட்டிலிருந்து தேவப்பாவின் வண்டியைக் கொண்டுவந்து நட்டநடுவில் நிறுத்தினார்.

நாகவேணி சேலை நனைந்து வந்து நின்றாள். "நீங்களுமாண்ணா?" என்று பஸ்தியாவைக் கேட்டாள்.

"நீங்க எப்பவும் உட்காருற இடத்துல உட்காருங்கக்கா."

பின்சீட்டின் இடது மூலை. ஸ்பிரிங் உடைந்து குத்துகிறது என்று வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. அவளுக்கென்று ஒதுக்கிய இடம்.

எஞ்சின் ஓடியது. ஒரு நிமிஷம். இருமியது, திணறியது, நின்றது.

"நான் சொல்லலை?" என்றார் கணபய்யா.

"இறங்குங்கக்கா."

கிளம்பியது.

"ஏறுங்க."

நின்றது.

மூன்றாவது தடவை ஏறி இறங்கியபோது நாகவேணியின் கண் நிறைந்துவிட்டது. சந்தைக்கு வந்த கூட்டமெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

"போதும் பஸ்தியாவண்ணா!" தேவப்பாவுக்கே தாங்கவில்லை. "உங்க ஷெட்டுல வெச்சுப் பார்க்கக் கூடாதா? நடுத்தெருவுல வெச்சு ஏன் இப்படி வதைக்கிறீங்க?"

பஸ்தியாவ் அதைக் காதில் வாங்கவே இல்லை. "கணபய்யா, இப்ப நீங்க வாங்க."

"நான் எதுக்கு?"

"தெனம் காலையில தேங்கா உடைக்கிற கை. உங்களைவிட ராசியான ஆள் இந்த ஸ்டாண்டுல யாரு? அந்த மூலையில உட்காருங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு மாராயா..."

"தலைவரே, பயமா?" கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

வேறு வழியில்லை. கணபய்யா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "ஐயோ, குத்துதே!"

எஞ்சின் ஓடியது. அரை நிமிஷம். முக்கால் நிமிஷம்.

இருமியது. திணறியது. நின்றது.

"தலைவரே, கொஞ்சம் இறங்கி ஓரமா நில்லுங்க. வண்டி கிளம்பட்டும்!" என்றது கூட்டத்தில் அதே குரல்.

ஸ்டாண்டே வெடித்துச் சிரித்தது. காய்க்கூடைக்காரி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கூடையை இறக்கி வைத்தாள்.

பஸ்தியாவ் சீட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பெட்ரோல் பம்புக்குப் போற வயர் இது. எவனோ எப்பவோ முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்டு. மேல பாரம் விழுந்தா உடைஞ்ச ஸ்பிரிங் இதை அழுத்திப் பிரிச்சுடுது. பம்ப் நின்னுடும். எழுந்தா மறுபடி ஒட்டிக்கும். உட்காருறது சுமங்கலியா விதவையான்னு ஸ்பிரிங்குக்கு என்ன தெரியும்?"

பழைய ஜாயிண்டை வெட்டி எறிந்தார். புது வயர் பற்றவைத்து, ஸ்பிரிங்குக்கு எட்டாத ஓரமாகக் கொண்டுபோனார். கால் மணி நேர வேலை.

தேவப்பா தலைகுனிந்தபடி முன்கதவைத் திறந்தான். "அக்கா, இங்க உட்காருங்க."

நாகவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம். அந்த மூலையிலதான் உட்காருவேன். நீ ஓட்டு."

அவளோடு போக நாலு பேர் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். கார் சந்தைத் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே போய், மண்டி மேட்டில் ஒரே மூச்சில் ஏறியது. ஒரு இருமல்கூட இல்லை. நாகவேணி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தேவப்பா ஷெட்டுக்கு வந்தான்.

"ஏண்ணா, திங்கட்கிழமை விட்ட வண்டி. ஒரு ஜாயிண்டைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நாலு நாளா?"

"திங்கட்கிழமையே கண்டுபிடிச்சாச்சு. அந்த மூலையில ஒரு அரிசி மூட்டையை வெச்சேன். நின்னுடுச்சு."

தேவப்பாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப அன்னைக்கே சரி பண்ணியிருக்கலாமே! அந்தக்காவை அத்தனை பேர் முன்னாடி ஏன் அழ வெச்சீங்க?"

பஸ்தியாவ் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இங்கயே சரி பண்ணியிருந்தா உன் வண்டி ஓடியிருக்கும். அந்தக்கா நடந்துகிட்டேதான் இருந்திருப்பாங்க."