கோடு வராத பெட்டி

திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி சாம்பல் நிறத்தில் தனியாகக் கிடந்தது.

தேதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. அவருடைய பெட்டிதான்.

அலுவலகத்தில் அந்தப் பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பார்சல் கம்பெனி அது. எந்தப் பார்சல் எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகிற பகுதியை எழுதியவர் அவர். அதில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரே ஒரு புகார் வந்திருக்கா, சொல்லுங்க பார்ப்போம்!" என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று மார்தட்டுவார். வந்ததில்லை என்பதும் உண்மைதான்.

இன்று அவர் முன்னால் இருந்தது இன்னும் விற்பனைக்கு வராத ஒரு கருவி. இனிமேல் வரி வரியாகப் புரோகிராம் எழுத வேண்டாமாம். ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி. எந்தப் பெட்டி எதை வேலைக்குக் கூப்பிடுகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மவுஸால் இழுத்து இணைத்தால் வேலை முடிந்தது. பழைய புரோகிராமைக் கொடுத்தாலும் படமாக வரைந்து காட்டிவிடும்.

முன்கூட்டியே பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு பிரதி வந்திருந்தது. மாலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் காட்டிப் பேச வேண்டியது தேதியார் பொறுப்பு.

கருத்தெல்லாம் கருவியைத் திறப்பதற்கு முன்பே தயார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, படம் அழகாகத்தான் வந்தது. பில் போடும் பெட்டியைச் சுற்றி ஏகப்பட்ட கோடுகள். முகவரிப் பெட்டியில் சந்தைக்கடை மாதிரி கூட்டம். தேதியாரின் பெட்டிப் பக்கம் மட்டும் ஈ காக்கை இல்லை.

முதலில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே வருவதற்கு முன்பே மாட்டிக்கொண்டதே கருவி! கருத்துப் பக்கத்தில் முதல் வரியை அடித்தார்: 'அந்தப் பெட்டிக்கு இருக்கும் முக்கியமான இணைப்பை இந்தக் கருவியால் பார்க்க முடியவில்லை.'

அடித்த கையோடு, ஆதாரம் தேடிப் பெட்டியின் மேல் ஒரு க்ளிக்.

குட்டி ஜன்னல் ஒன்று விரிந்தது. கடைசிக் கோடு நீக்கப்பட்ட நாள். நீக்கியவர் பெயர். அந்த வேலையை இப்போது செய்கிற வேறொரு பெட்டி, பச்சைப் பசேலென்று.

நீக்கியவர், பிரிண்டர் பக்கத்து சீட்காரி.

அவளா? அவளா இப்படிச் செய்தாள்?

அந்த அலுவலகத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே போகும். அவர் எழுதுவதைப் பார்ப்பவள் அவள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு திருத்தத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போய்விடுவார். பக்கத்தில் கிடக்கும் கை உடைந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பிப்ரவரி இருபத்தொன்பதை வைத்தே ஒரு மழைக்காலத்தை ஓட்டிய மனிதர் அவர்.

அவளும் கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டு ஒப்புதல் கொடுப்பாள். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

நாள் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் ஏது? போட்டுப் பார்த்தார். கோடு நீக்கப்பட்டது, அவர் காய்ச்சலில் லீவு போட்டிருந்த வாரம். அந்த நாற்காலியில் அவர் முதன்முதலாக உட்கார்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

அப்படியானால் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம்? அத்தனை வெள்ளிக்கிழமையும்?

ஏன் புகாரே வரவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

மாலையில் இந்தப் படம் பெரிய திரையில் வரும். மானம் கப்பலேறும். காபி மெஷின் பக்கம் இனித் தலைகாட்ட முடியாது.

தேதியார் பெட்டியைத் தேர்ந்தெடுத்து 'அழி' என்று கொடுத்தார். அதற்கும் ஒப்புதல் வேண்டுமே! அவளுக்குத்தான் போனது.

போன வேகத்தில் திரும்பி வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: 'பயன்பாட்டில் உள்ளது.'

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று பிரிண்டர் பக்கம் நடந்தார். கோபமாக வந்தாலும் பழக்கம் விடுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் முறைத்தார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப அது திணறி நின்னுபோச்சு. அவசரத்துக்கு நான் வேற எழுதி மாட்டிவிட்டேன். வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க பாட்டுக்கு ஒரு திருத்தத்தோட வந்து இதே நாற்காலியில உக்காந்துட்டீங்க. அப்புறம் எங்க சொல்றது? நீங்க கொண்டுவர்றதை எல்லாம் என்னோடதுல மறுபடி எழுதிச் சேர்த்துக்கிட்டேதான் வரேன்."

பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பெட்டி இல்லேன்னா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பீங்களா? நமக்குக் கல்யாணம்தான் ஆகியிருக்குமா? அழிக்கிறாராம், அழிக்கிறாரு!"

தேதியார் எழுந்தார். நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போனார்.

மாலையில் படம் பெரிய திரையில் வந்தது. ஓரத்தில் கிடக்கும் அந்தச் சாம்பல் பெட்டி என்ன என்று மேலாளர் கேட்டார்.

தேதியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கருத்துப் பக்கத்தின் முதல் வரியை அப்படியே வாசித்தார்: "அந்தப் பெட்டிக்கு இருக்கும் முக்கியமான இணைப்பை இந்தக் கருவியால் பார்க்க முடியவில்லை."

பின்வரிசையில் அவருடைய மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.