பறவைப் பட்டியலும் ஃபோல்டர் அக்காவும்

“பறவைப் பட்டியலை ஒருத்தரும் திறக்கல. சாயங்காலம் அழிச்சிடலாம்” என்று ஃபைல்களைச் சேமித்து வைக்கும் கணினியான சர்வர் முனகியது, அதிலிருந்த பட்டியல் ஃபைலின் காதில் விழுந்தது.

அது பதறிப்போய், தன்னை வைத்திருந்த ஃபோல்டரிடம் கேட்டது. “ஆய்வுக் குழு படிக்கலாம்னு என் மேலேயே அனுமதி எழுதியிருக்கே அக்கா, ஏன் யாரும் வரல?”

“தினமும் பத்துப் பேர் வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன்.”

“அடிப்பாவி! ஏன்?”

“உனக்கு அனுமதி இருக்குடி. ஆனா வாசல் நான்தானே? என்னைத் திறக்கச் சொல்லி யார் சொன்னா?”

“இப்போ நான் சொல்றேன், திற!”

“ஊர் முழுக்கவா?”

“ஐயோ, கூடு இருக்கிற இடமெல்லாம் எழுதியிருக்கு, வேட்டைக்காரங்க பார்த்துட்டா! குழுவுக்கு மட்டும்.”

ஃபோல்டர் சிரித்துக்கொண்டே குழுவுக்குக் கதவைத் திறந்தது. முதல் ஆளாக நுழைந்த ஆய்வு மாணவி செண்பகவல்லி, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.