நூற்றுப் பதினான்கு ஆம்பியர்

நியூட்ரல் கம்பியை, கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரால் கவ்வினான்.

நூற்றுப் பதினான்கு.

மீட்டரை இரண்டு தட்டு தட்டினான். அதன்மேல் பழியைப் போட முடியுமா என்று ஒரு நப்பாசை.

நூற்றுப் பதினான்குதான்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து போகிற மூன்று லைனிலும் சுமை சமமாக இருந்தால், நியூட்ரலில் பெரிதாக ஒன்றும் ஓடாது. சமமாக இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் அதன் தலையில். இருபத்திரண்டு வருஷ லைன்மேனுக்கு இது தெரியாதா. வகுப்பே எடுப்பான்.

காலையில் நியூட்ரல் இணைப்பு கருகி விட்டுப்போனது. மதியத்துக்குள் புதிதாகப் போட்டுவிட்டான். கீழே நின்றவர்கள் கைகூடத் தட்டினார்கள்.

முதல் லைனில் இருபத்திரண்டு ஆம்பியர். இரண்டாவதில் முப்பத்தொன்று.

மூன்றாவதில் நூற்று நாற்பது.

அந்த மூன்றாவது லைன் முழுக்க அவன் கைவண்ணம்.

“அண்ணாச்சி, ஃபேனு கொசுவைக்கூட வெரட்ட மாட்டேங்கு. நம்ம வீட்டையும் அந்த நல்ல லைன்ல போட்டு விடுங்களேன்.”

இப்படிக் கேட்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. கம்பத்தில் ஏறிவிடுவான். மளிகைக்கடை ஞானதுரை. எஸ்தர் டீச்சர். ஏசி வாங்கிய அத்தனை பேரும்.

முதன்முதலில் அந்த லைனுக்கு மாறியது அவன் வீடுதான். சோதித்துப் பார்ப்பதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒருத்தியிடம் மட்டும் முடியாது என்றான்.

தங்கச்சி.

“ஒனக்குச் செஞ்சா ஊரு என்ன பேசும், பூமயிலு?”

நேர்மையானவன் என்று பெயர் வாங்க அவனுக்கு ஒரே ஒரு வீடு தேவைப்பட்டது.

அவள் மறுபடி கேட்கவில்லை. நாலு வருஷமாக அவன் வீட்டுப் படியும் ஏறவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக மாறிப் போக, முதல் லைனில் அவளோடு சேர்த்துச் சில வீடுகள்தான் மிச்சம். வோல்டேஜ் தானாகவே நன்றாகிவிட்டது. மாற்றிக் கொடுக்காமலே கிடைத்துவிட்டதே என்று அவன் ஒருநாள் தனியாகச் சிரித்ததும் உண்டு.

நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த லைனில்தான் வோல்டேஜ் எகிறும்.

அதற்கும் வகுப்பு எடுப்பான்.

அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கருகிய வாடை வந்தது.

முட்டை பொரிக்கிற பெட்டி திறந்து கிடந்தது. சூட்டை மட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டுதான் முதலில் எரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சூட்டை நிறுத்த ஆளில்லை.

நானூறு காடை முட்டைகள். நாளை மறுநாள் பொரிய வேண்டியவை.

தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தட்டு.

ஒன்று நிறைந்து வழிந்தது.

இன்னொன்றில் ஒன்றும் இல்லை.

வைவாள் என்று நினைத்துப் பதில்களைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றிரண்டு வேடிக்கையாகக்கூட இருந்தன.

அவள் வையவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

“காலைல கூட உள்ள டிக்கு டிக்குனு தட்டுச்சுண்ணே.”

கையிலிருந்த முட்டையை அவனிடம் நீட்டினாள்.

“இதுல கேக்கா, பாரு.”

புள்ளி புள்ளியாகச் சின்ன முட்டை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

காதில் வைத்தான்.

ஜன்னல் வழியே, பக்கத்து வீடுகளில் ஃபேன் சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முட்டையை மற்றக் காதுக்கு மாற்றினான்.